அலுவலகக் கணினி புதிய கருவியா, வேகமான பழைய பேரேடா: ஒரு வாரத்தில் சோதித்து அறியும் வழி

பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் காகித மொத்த வியாபாரம் நடக்கும் ஒரு கடையின் மாடியில் நான் கணக்கு எழுதுகிறேன். டேலி என்ற கணக்கு மென்பொருளுக்கு ஆண்டுக் கட்டணம் கட்ட வேண்டிய வாரத்திலேயே, இருக்கும் மூன்று கணினிகளில் ஒன்றை மாற்றியே தீரவேண்டும் என்று சர்வீஸ் செய்ய வந்தவர் சொல்லிவிட்டுப் போனார். எங்கள் முதலாளி இரண்டு செலவையும் கூட்டிப் பார்த்துவிட்டு, "எங்கப்பா காலத்துல ஒரு கணக்குப்பிள்ளை, நாலு பேரேடு, ஒரு டைப்ரைட்டர் இருந்துச்சு. அதே வேலையைத்தானே இதுவும் செய்யுது? கொஞ்சம் வேகமா செய்யுது, அவ்வளவுதானே?" என்று கேட்டார். ஆம் என்று சொல்லவும் மனம் வரவில்லை, இல்லை என்று மறுக்கவும் கையில் சான்று இல்லை. அதன் பிறகு ஒரு வாரம் எங்கள் அலுவலகத்து வேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்தேன். அந்தச் சோதனைகளை, நான்கு பேர் முதல் பத்துப் பேர் வரை வேலை செய்யும் எந்தச் சிறிய அலுவலகத்திலும் செய்து பார்க்கும்படி இங்கே எழுதுகிறேன்.

தேவையானது ஒரு நாற்பது பக்க நோட்டு. கணினியைப் பற்றிய ஆராய்ச்சிக்குக் காகிதமா என்று சிரிக்க வேண்டாம். சோதிக்கப்படும் பொருளையே சோதிக்கும் கருவியாகவும் வைத்துக்கொண்டால் கணக்கு குழம்பும்.

முதலில் வேலைகளை எழுதுங்கள்

நோட்டின் இடப்பக்கத்தில் அலுவலகத்தில் அன்றாடம் நடக்கும் வேலைகளை எழுதுங்கள். மென்பொருளின் பெயரை எழுதக் கூடாது. 'டேலி' என்பது வேலையன்று; 'நேற்றைய விற்பனையைப் பதிவது' என்பதுதான் வேலை. 'எக்செல்' என்று எழுதினால் எதுவும் விளங்காது. 'வாடிக்கையாளருக்கு விலை குறித்து அனுப்புவது' என்று எழுதினால் விளங்கும். வலப்பக்கத்தில், அந்த வேலையை 1985 வாக்கில் எந்தக் கருவியால் செய்தார்கள் என்று எழுதுங்கள். தெரியாவிட்டால் கடையில் பழையவர் யாரையாவது கேளுங்கள். எங்கள் பட்டியலில் பில் புத்தகம், நாளேடு, பேரேடு, ரெடி ரெக்கனர் என்ற கணக்கு அட்டவணைப் புத்தகம், தட்டச்சு இயந்திரம், கார்பன் தாள், பில்லைக் குத்தி வைக்கும் கம்பி என்று ஏழு கருவிகள் வந்தன.

இந்தப் பட்டியலை எழுதாமல் நேரே திரையைப் பார்த்து முடிவுக்கு வந்தால் நிச்சயம் ஏமாறுவோம். திரையில் உள்ள பெயர்களில் பல பழைய அலுவலகத்திலிருந்து எடுத்தவை. ஜெராக்ஸ் நிறுவனம் 1981இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்டார் என்ற கணினியில், மேசைப்பரப்பு, கோப்பு, கோப்புறை, கடிதம் வந்து விழும் தட்டு என்று அன்றைய அலுவலகத்தை அப்படியே படமாக வரைந்து வைத்தார்கள். எழுத்தர்கள் அஞ்சாமல் தொடுவதற்கு அது நல்ல வழிதான். ஆனால் அந்தப் படங்கள் இன்றுவரை நிலைத்துவிட்டன. மின்னஞ்சலில் 'சிசி' என்று இருப்பதுகூடக் கார்பன் காப்பியின் சுருக்கமே. கார்பன் தாளைக் கையால் தொட்டறியாத பிள்ளைகளும் நாள்தோறும் அதை அழுத்துகிறார்கள். ஆகவே பெயரை விட்டுவிட்டு வேலையைப் பார்க்க வேண்டும்.

மின்சாரம் போனால் என்ன நிற்கிறது

முதல் சோதனை எளிது. ஒரு மணி நேரம் கணினிகளை அணைத்துவிட்டு, பட்டியலில் உள்ள வேலைகளில் எவற்றைக் கையால் செய்ய முடிகிறது என்று பாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்களுக்கு இந்தச் சோதனை வலியத் தேடி வந்தது. என் வீடு இருக்கும் வியாசர்பாடிப் பக்கம் தண்ணீர் வடியவே நாளாயிற்று. கடைக்கு வந்து சேர்ந்தபோது அங்கும் மின்சாரம் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. அலமாரியில் கிடந்த பழைய பில் புத்தகத்தை எடுத்து நடுவில் கார்பன் வைத்து எழுதினோம். ரொக்கத்தை நோட்டில் பதிந்தோம். ஒரு கடிதத்தைக் கையால் எழுதி முத்திரை குத்தி அனுப்பினோம். வேலை தாமதமானதே தவிர நிற்கவில்லை. பில் போடுவது, ரொக்கம் பதிவது, கடிதம் எழுதுவது மூன்றுக்கும் எதிரே நோட்டில் 'பழையது, வேகம் மட்டும் கூடுதல்' என்று தயங்காமல் எழுதலாம்.

இந்தச் சோதனையில் ஒரு பள்ளம் உண்டு. சரக்கு லாரியோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டான இ-வே பில்லைக் காகிதத்தில் எழுத முடியாது. அதனால் அது புதிய வகை வேலை என்று முதலில் நானும் குறித்துவிட்டேன். யோசித்துப் பார்த்தால், சரக்கோடு ஒரு சீட்டை அனுப்பி வழியில் காட்டுவது சோதனைச் சாவடிகள் இருந்த காலத்திலேயே காகிதத்தில் நடந்த வேலைதான். இன்று அதைக் கணினியில்தான் செய்ய வேண்டும் என்பது சட்டத்தின் கட்டாயம். கருவியால் மட்டுமே ஆகிற வேலை எது, சட்டம் கருவியின் மேல் ஏற்றிய வேலை எது என்று பிரித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஜிஎஸ்டிஆர்-2பி என்ற ஜிஎஸ்டி அறிக்கை அப்படியன்று. நமக்குச் சரக்கு விற்றவர்கள் தங்கள் கணக்கில் பதிந்த பில்கள், நாம் ஒரு வரிகூட எழுதாமல், மாதந்தோறும் 14ஆம் தேதி நம் பெயரில் ஒரு பட்டியலாகத் திரண்டு நிற்கின்றன. 2022 ஜனவரி 1 முதல், அந்தப் பட்டியலில் ஏறாத பில்லுக்கு உள்ளீட்டு வரிக் கழிவு, அதாவது வாங்கும்போது கொடுத்த வரியை நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் உரிமை, கிடைக்காது. சிவகாசியில் ஒருவர் தம் கணக்கில் எழுத மறந்தால், பாரிமுனையில் என் உரிமை குறைகிறது. பழைய பேரேட்டில் இதற்கு நிகரான ஏற்பாடு எதுவும் இல்லை. அடுத்தவர் பேரேட்டின் ஒரு பக்கம் நம் பேரேட்டிலும் தானாக எழுதப்படும் என்று எங்கள் பழைய கணக்குப்பிள்ளையிடம் யாராவது சொல்லியிருந்தால், அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி கேட்டிருப்பார். இதற்கு எதிரே 'புதியது' என்று எழுதினேன்.

ஓர் எண்ணை மாற்றிப் பாருங்கள்

இந்தச் சோதனைக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும், ஏனெனில் பெரும்பாலான அலுவலகங்கள் புதிய கருவியைக் கையில் வைத்துக்கொண்டு பழைய கருவியாகப் பயன்படுத்துவது இங்கேதான் வெளிப்படுகிறது.

உங்கள் எக்செல் கோப்பு ஒன்றைத் திறந்து, அதன் நகல் ஒன்றை எடுத்துக்கொண்டு, நகலில் ஏதாவது ஓர் எண்ணை மாற்றுங்கள். வேறு எந்தெந்த எண்கள் தாமாக மாறுகின்றன என்று கவனியுங்கள். ஒன்றுமே மாறாவிட்டால், உங்களிடம் இருப்பது தட்டச்சு செய்த அட்டவணை. கால்குலேட்டரில் கூட்டி, வந்த தொகையை எக்செல் கட்டத்தில் தட்டச்சு செய்பவர்களை நான் மண்ணடியிலும் பார்த்திருக்கிறேன், தங்கசாலையிலும் பார்த்திருக்கிறேன். பிழை இருக்கிறது என்று அவர்களைக் குறைசொல்ல முடியாது. கூட்டல் சரியாகவே இருக்கும். கோடு போட்ட தாளில் செய்ய வேண்டியதை விலையுயர்ந்த தாளில் செய்கிறார்கள், அவ்வளவே.

எக்செல் போன்ற விரிதாள் பிறந்த கதையே இந்தச் சிக்கலிலிருந்துதான் தொடங்குகிறது. ஹார்வர்டில் வணிகவியல் படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்லின், கரும்பலகையில் வரைந்த கணக்கு அட்டவணையில் ஓர் எண் தவறானால் அதைச் சார்ந்த எல்லா எண்களையும் அழித்து எழுத வேண்டியிருப்பதைக் கண்டார். பாப் ஃபிராங்ஸ்டனுடன் சேர்ந்து அவர் செய்த விசிகால்க் 1979இல் ஆப்பிள் கணினிக்கு விற்பனைக்கு வந்தது. கூட்டல் கழித்தலில் வேகம் வேண்டுமென்றால் கால்குலேட்டர் அன்றைக்கே இருந்தது. ஒரு முடிவு மாறினால் அதைத் தொடர்ந்து வருபவை எல்லாம் மாறி நிற்க வேண்டும் என்பதுதான் அவர்களுடைய தேவை.

எங்கள் தொழிலில் இதைக் கிட்டப்போய்ப் பார்க்கலாம். காகிதத்தை ரீம் கணக்கில் விற்கிறோம், விலையோ கிலோவுக்கு. 23க்கு 36 அங்குலத் தாள், 60 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 60 கிராம்), 500 தாள் கொண்ட ரீம் என்றால் எடை ஏறக்குறைய 16 கிலோ. அதே அளவில் 70 ஜிஎஸ்எம் என்றால் 18 கிலோ 700 கிராம் அளவில் வரும். நீளத்தையும் அகலத்தையும் மீட்டரில் பெருக்கி, அதை ஜிஎஸ்எம்மால் பெருக்கி, 500ஆல் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் கிலோ கிடைக்கும். பழைய நாளில் இதற்கு ரெடி ரெக்கனர் இருந்தது: அளவு ஒரு பக்கம், ஜிஎஸ்எம் ஒரு பக்கம், சந்திக்கும் இடத்தில் எடை. தேர்ந்த விற்பனையாளர் அதைத் திறக்கவே மாட்டார். நாக்கு நுனியில் வைத்திருப்பார். எடையைச் சொல்வதில் எக்செல் அந்த ரெக்கனரை வெல்லவில்லை. சொல்லப்போனால் அந்த மனிதர்தான் வேகம்.

ஆனால் கிலோ 80 ரூபாய் என்று வைத்து ஒரு ரீமுக்கு 1,280 ரூபாய் குறித்த பிறகு, அச்சகத்துக்காரர் போனில், "சார், 54 ஜிஎஸ்எம்ல போட்டா நோட்டுக்கு எவ்வளவு மிச்சமாகும்? சைஸ் கொஞ்சம் குறைச்சா?" என்று கேட்கும்போது கதை மாறுகிறது. ரெக்கனரில் அந்த அளவு அச்சிடப்பட்டிருந்தால்தான் பதில் உண்டு. விரிதாளில் அவர் போனை வைப்பதற்குள் நான்கு விதமாக மாற்றிப் பார்த்துச் சொல்லலாம். முன்பு விலையைக் கேட்டுக்கொண்டு போனவர்கள் இப்போது எந்தத் தாள் தங்களுக்குக் கட்டுபடியாகும் என்று எங்களோடு சேர்ந்து முடிவு செய்கிறார்கள். வியாபாரப் பேச்சின் தன்மையே மாறியிருக்கிறது. இதை வேகம் என்ற ஒரு சொல்லில் அடக்க முடியாது.

எங்கள் கோப்பும் இந்தச் சோதனையில் முழுதாகத் தேறவில்லை. 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறி, நாங்கள் விற்கும் அச்சுத்தாள் வகைகளில் பல 12 விழுக்காட்டிலிருந்து 18க்குப் போயின. விலைக்குறிப்புக் கோப்பைத் திறந்தால், ஒவ்வொரு கிடைவரிசையின் வாய்பாட்டுக்குள்ளும் (ஃபார்முலா), 12 விழுக்காடு வரியைச் சேர்க்கும் பெருக்கெண்ணாக 1.12 என்று எழுதப்பட்டிருந்தது. எழுதியவன் நானேதான். ஒவ்வொன்றாக மாற்றியதில் சில விடுபட்டன. விடுபட்ட ஒவ்வொரு ரீமுக்கும், மேலே சொன்ன கணக்கில், ஏறக்குறைய 77 ரூபாய் குறைத்துச் சொன்னோம். விகிதத்தைத் தனிக் கட்டம் ஒன்றில் ஒரே முறை எழுதி, எல்லா வாய்பாடுகளும் அந்தக் கட்டத்தைப் பார்க்கும்படி அமைத்திருந்தால், ஓர் எண்ணை மாற்றியதோடு வேலை முடிந்திருக்கும். எனவே சோதனையை இப்படிச் செய்யுங்கள்: நாளை மாறக்கூடிய எண் எது என்று பாருங்கள், வரி விகிதமோ, லாரி வாடகையோ, கிலோ விலையோ, அது கோப்பில் எத்தனை இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது என்று எண்ணுங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால், விரிதாளின் தோற்றத்தில் ரெடி ரெக்கனரைத்தான் வைத்திருக்கிறீர்கள்.

எழுத்துருவை மாற்றிப் பாருங்கள்

தமிழில் கடிதம் அடிக்கும் அலுவலகங்களுக்கு மட்டும் உரிய சோதனை இது. பழைய தமிழ்க் கடிதம் ஒன்றைத் திறந்து, முழுவதையும் தேர்ந்தெடுத்து, எழுத்துருவை ஏரியல் என்று மாற்றுங்கள். தமிழ் தமிழாகவே நின்றால் அது யூனிகோடு, அதாவது ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் எல்லாக் கணினிகளிலும் ஒரே குறி எண் தரும் முறை. கண்முன்னே ஆங்கில எழுத்துகளாகச் சிதறினால், அது பாமினி, வானவில் போன்ற பழைய முறைகளில் அடித்தது. பாமினியில் 'அம்மா' என்ற சொல் கணினிக்குத் தெரிந்தவரை எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள். தமிழ் உருவம் வெறும் மேற்பூச்சு. அந்தக் கடிதத்தில் கணினி தமிழாகத் தேட முடியாது, அகரவரிசைப்படுத்த முடியாது, எழுத்துரு இல்லாத இன்னொரு கணினியில் படிக்கவும் முடியாது. சரியாகச் சொன்னால், அங்கே கணினி ஒரு தட்டச்சு இயந்திரம். அச்சிட்டுக் கையெழுத்திட்டதும் அதன் பயன் தீர்ந்தது.

யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010இலேயே ஏற்றுக்கொண்டது. ஆனாலும் பிராட்வேயிலும் உயர்நீதிமன்றத்தைச் சுற்றியுள்ள ஜெராக்ஸ் கடைகளிலும் பழைய முறையில் அடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தட்டச்சுப் பள்ளியில் இளநிலை, முதுநிலை தேர்வுக்குப் பழகிய விரல்கள் அவை, அந்த வேகத்தை விட்டுவிட அவர்களுக்கு மனம் வருவதில்லை. அவர்களுக்கு ஒரு செய்தி: பழைய தட்டச்சு விசையமைப்பிலேயே யூனிகோடு எழுத்துகளைத் தரும் மென்பொருள்கள் இருக்கின்றன, விரல் பழக்கம் மாறாமலேயே மாறிக்கொள்ளலாம். இதே சோதனையின் தம்பி ஒன்று பிடிஎஃப் கோப்புகளுக்கு உண்டு. அதில் உள்ள ஓர் எண்ணைச் சுட்டியால் தேர்ந்தெடுக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அது பில்லின் புகைப்படம். வாட்ஸாப்பில் வந்தாலும் காகிதம் காகிதம்தான்.

யாரும் கேட்காத கேள்வியைக் கேளுங்கள்

பேரேடு ஒரே ஒரு வரிசையில் கட்டப்பட்டது. வாடிக்கையாளர் பெயரில் பக்கம், பக்கத்துக்குள் தேதி. அந்த வரிசையில் கேட்டால் நொடியில் பதில் சொல்லும். வேறு வரிசையில் கேட்டால் இரவெல்லாம் விழித்திருந்து புரட்ட வேண்டும். ஆகவே உங்கள் பதிவுகளிடம் அவை எழுதப்பட்ட வரிசைக்கு ஒத்துவராத ஒரு கேள்வியைக் கேளுங்கள். நான் கேட்டது: 'சென்ற ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில், பள்ளி திறக்கும் முன், நோட்டுத் தாள் வாங்கியவர்களில் இந்த ஆண்டு அதே மாதங்களில் வராதவர்கள் யார்?'

பதில் பத்து நிமிடத்தில் வந்தது, தவறாகவும் வந்தது. வண்ணாரப்பேட்டையில் உள்ள ஒரு பழைய வாடிக்கையாளர் வரவே இல்லை என்று பட்டியல் சொன்னது. அவரோ முந்தின வாரம்தான் எங்கள் படியேறி வந்து தேநீர் குடித்துவிட்டுப் போயிருந்தார். சென்ற ஆண்டு பதிந்த பையன் அவர் கடையின் பெயருக்கு முன் தலைப்பெழுத்தைப் புள்ளி வைத்து எழுதியிருந்தான். இந்த ஆண்டு பதிந்த பெண் புள்ளி இல்லாமல், பேட்டையின் பெயரைச் சேர்த்து எழுதியிருந்தாள். பேரேட்டில் இது குற்றமே இல்லை, படிக்கும் கணக்குப்பிள்ளைக்கு இருவரும் ஒருவரே என்று தெரியும். இயந்திரத்துக்கு அவர்கள் இரண்டு பேர்.

இதற்குப் பரிகாரம் எளியது. பெயரைக் கொண்டு ஆளை அடையாளம் காண்பதை விட்டுவிட்டு, ஜிஎஸ்டி எண்ணைக் கொண்டு காணுங்கள். அது 15 இடங்கள் கொண்டது. முதல் இரண்டு மாநிலத்தைச் சொல்லும், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து பான் எண். கடைசி எழுத்து, முன்னால் உள்ளவை சரியாகத் தட்டச்சு செய்யப்பட்டனவா என்று சரிபார்க்க உதவுவது. பதிவு பெறாத சிறிய கடைகளுக்கு நீங்களே ஒரு குறி எண் கொடுத்துவிடுங்கள். இதைச் செய்து முடிக்க எங்களுக்கு இரண்டு சனிக்கிழமைகள் பிடித்தன. அதன் பிறகு அதே கேள்விக்கு வந்த பட்டியலில் ஒன்பது பேர் இருந்தார்கள். அந்த ஒன்பது பேருக்கும் முதலாளி தாமே போன் செய்தார்.

ஒரே எண்ணை எத்தனை முறை எழுதுகிறோம் என்று எண்ணுவதும் இதோடு சேர்ந்த சோதனைதான். பழைய முறையில் பில் புத்தகத்திலிருந்து நாளேட்டுக்கு, நாளேட்டிலிருந்து பேரேட்டுக்கு, பேரேட்டிலிருந்து ஐந்தொகைக்கு என்று ஒரு தொகை நான்கு இடங்களில் எழுதப்பட்டது. டேலியில் ஒரு முறை பதிந்தால் போதும். டேலியில் பதிந்ததை அச்சிட்டு, அச்சைப் பார்த்து எக்செல்லில் அடித்து, அதைப் படம் பிடித்து முதலாளிக்கு அனுப்பினால் மறுபடியும் நான்குதான்.

பிழையைக் கேளுங்கள்

வாரத்தின் இறுதியில்தான் இந்தச் சோதனை எனக்குத் தோன்றியது. ஆனால் மற்ற எல்லாவற்றையும்விட இதையே நான் நம்புகிறேன். ஒவ்வொரு வேலைக்கு எதிரேயும், இந்தக் கருவியால் நேரும் பிழை காகிதத்தில் நேரக்கூடியதா என்று எழுதுங்கள். பழைய வகைப் பிழையே நேர்ந்தால் கருவி பழையதன் திருத்தம். காகிதத்தில் நினைத்தும் பார்க்க முடியாத பிழை நேர்ந்தால், கையில் இருப்பது வேறு வகைக் கருவி.

துறைமுகத்தை ஒட்டிய தெரு ஒன்றில், சரக்கு விடுவிப்பு வேலை பார்க்கும் அலுவலகத்தில் நான் சில ஆண்டுகள் இருந்தேன். கன்டெய்னர் எண்கள் ஒரு நெடுவரிசையில், எடை அடுத்ததில், போக வேண்டிய இடம் அதற்கடுத்ததில் என்று ஒரு பட்டியல். தேடுவதற்கு வசதியாக இருக்கட்டும் என்று எண்களின் நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தினேன். பக்கத்து நெடுவரிசைகளையும் சேர்க்கவா என்று எக்செல் ஒரு கேள்வி கேட்டது. மாலை ஐந்து மணி, லாரிக்காரர் வாசலில். என்ன கேட்கிறது என்று படிக்காமல், தேர்ந்தெடுத்தது மட்டும் போதும் என்று அழுத்திச் சேமித்துவிட்டேன். எண்கள் அழகாக வரிசைக்கு வந்தன. எடைகளும் இடங்களும் இருந்த இடத்திலேயே நின்றன. அதாவது ஒவ்வொரு கன்டெய்னரும் வேறொன்றின் எடையையும் வேறொன்றின் முகவரியையும் சுமந்து நின்றது.

கன்டெய்னர் எண்ணில் நான்கு எழுத்தும் ஆறு இலக்கமும் இருக்கும். அதன் பின் ஏழாவதாக ஒரு சரிபார்ப்பு இலக்கம் உண்டு. ஓர் இலக்கத்தை மாற்றி அடித்தால் அது காட்டிக்கொடுக்கும். அன்று ஒவ்வோர் எண்ணும் சரியான எண்ணே, ஒவ்வோர் எடையும் சரியான எடையே. உறவு மட்டும் அறுந்திருந்தது. ஒரு பெட்டி ஸ்ரீபெரும்புதூருக்குப் போவதற்குப் பதிலாக மாதவரம் கிடங்கு வாசலில் போய் நின்ற பிறகுதான் தெரிந்தது. கையால் எழுதிய பட்டியலில் ஓர் எழுத்தர் ஒரு வரியைத் தவறாக எழுதலாம், இரண்டு வரியைத் தவறாக எழுதலாம். எல்லா வரிகளும் ஒரே நொடியில், ஓர் அடித்தல் திருத்தல்கூட இல்லாமல் பிழையாவது நடக்காது. அந்த ஆண்டு எனக்கு ஊக்கத்தொகை கிடைக்கவில்லை என்பது வேறு கதை.

காகிதம் தானாகவே கொடுத்துவந்த ஒன்றைக் கணினி கொடுப்பதில்லை என்பதும் அன்று தெரிந்தது. பேரேட்டில் ஒன்றை மாற்ற வேண்டுமானால் அடித்துவிட்டு மேலே எழுதிப் பக்கத்தில் கையொப்பம் இடுவார்கள். பழைய எண்ணும் அடியில் தெரியும். பக்க எண்கள் அச்சிட்டுத் தைத்த புத்தகத்திலிருந்து ஒரு தாளை உருவினால் தெரிந்துவிடும். எக்செல் கட்டத்திலோ புதிய எண் பழையதைச் சுவடில்லாமல் விழுங்கிவிடுகிறது. நிறுவனங்கள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியோடு பதிந்துவைக்க வேண்டும், அந்தப் பதிவை நிறுத்திவைக்க இயலாதபடி இருக்க வேண்டும் என்று 2023 ஏப்ரல் 1 முதல் விதி வந்திருக்கிறது. மையும் தையல் நூலும் செலவில்லாமல் செய்துவந்த காவலை, சட்டம் போட்டு மீட்டெடுக்க வேண்டியிருக்கிறது.

நோட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது

வார முடிவில் வேலைகள் மூன்று வகையாகப் பிரிந்து நிற்கும். முதல் வகை, வேகம் மட்டும் கூடியவை: கடிதம், பில் அச்சிடுவது, ரொக்கப் பதிவு. இவற்றுக்காகப் புதிய கணினி வாங்க வேண்டாம். இருக்கும் பழைய கணினியே போதும்; வேகம் என்பதில் தட்டச்சு செய்பவரின் விரல்தான் எல்லை. இந்த வேலைகளை இழிவாக நினைக்கவும் வேண்டாம். கடைசி வரியில் ஓர் எழுத்து தவறியதற்காக மூன்று கார்பனோடு சேர்த்துப் பக்கம் முழுவதையும் மறுபடி அடித்தவர்களுக்குத் தெரியும், வெறும் திருத்தம் என்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்று.

இரண்டாம் வகை, புதிய கருவியாக இருக்க வேண்டியவை பழையதாகப் பயன்படுபவை. எங்கள் நோட்டில் பாதிக்கு மேல் இந்த வகைதான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்கு மின்சாரம் வந்தபோதும் இதுவே நடந்தது என்று பொருளாதார வரலாற்றாசிரியர் பால் டேவிட் 1990இல் எழுதினார். நீராவி இயந்திரம் இருந்த இடத்தில் ஒரு பெரிய மின்மோட்டாரை வைத்தார்கள். கூரைக்கடியில் ஓடிய நீண்ட தண்டையும் அதிலிருந்து ஒவ்வோர் எந்திரத்துக்கும் இறங்கிய வார்ப்பட்டைகளையும் அப்படியே விட்டுவிட்டார்கள். எந்திரத்துக்கு ஒரு சிறு மோட்டார் என்று பிரித்து, பட்டறையின் அமைப்பையே மாற்றிய பிறகுதான் மின்சாரத்தின் முழுப் பலன் தெரிந்தது. அதற்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன. அலுவலகத்தில் அந்தத் தண்டும் வார்ப்பட்டையும் எவை என்றால், வாய்பாட்டுக்குள் புதைந்த 1.12, ஆளுக்கொரு விதமாக எழுதும் பெயர், பாமினியில் அடித்த கடிதம், அச்சிட்டு மறுபடி அடிக்கும் பட்டியல் ஆகியவைதாம். இவற்றைச் சரிசெய்யப் பணம் தேவையில்லை. யார் எதை எங்கே ஒரு முறை எழுதுவது என்று எல்லோரும் உட்கார்ந்து பேசித் தீர்மானித்தால் போதும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கணக்காண்டு முடியும் மார்ச் மாதத்தில் எதையும் மாற்றாதீர்கள்.

மூன்றாம் வகை, உண்மையிலேயே புதியவை. எங்கள் கடையில் இரண்டே தேறின: ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலை ஒப்பிடுவது, விலையை மாற்றி மாற்றிப் பார்த்துச் சொல்வது. இவற்றுக்குத்தான் காவல் அதிகம் வேண்டும், ஏனெனில் இவற்றில் நேரும் பிழையை அனுபவசாலியின் கண்ணும் எளிதில் பிடிக்காது. விலைக்கோப்பை இருவர் மட்டுமே மாற்றலாம் என்று பூட்டினோம். வரிசைப்படுத்தும் முன் நகல் எடுப்பது என்று ஒரு விதி வைத்தோம். நாள்தோறும் மாலையில் நகலைத் தனி டிரைவ் ஒன்றில் ஏற்றி, அதைக் கடையில் வைக்காமல் மாடி வீட்டுக்காரர் ஒருவரிடம் கொடுத்து வைக்கிறோம். தண்ணீர் புகுந்த டிசம்பரை இங்கே யாரும் இன்னும் மறக்கவில்லை.

முதலாளி நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, புதிய கணினி ஒன்று போதும், அதை விலை சொல்லும் மேசையில் போடு என்றார். ரொக்கப் பதிவுக்குப் பழைய கணினியே இருக்கட்டும் என்றும், பில் புத்தகம் இரண்டு அச்சடித்து அலமாரியில் வை என்றும் சொன்னார்.